கட்டியக்காரனுக்கு ஓர் இடம்



ஜூலை இதழைத் தயாரிக்கும்போதெல்லாம் வேலூர்க் கோட்டை நினைவுக்கு வந்துவிடுகிறது. 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பே அங்கே வெடித்த சிப்பாய்ப் புரட்சியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு அதில் கூடுதலாக ஓர் ஒட்டுறவு உண்டு. தகராறின் நடுவே கிடந்தது ஒரு துண்டுத் தோல்.

சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய தலைப்பாகை ஒன்றைக் கட்டாயமாக்கினார். அதில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒருசேர உறுத்தியது. போதாததற்கு, தாடி கூடாது, நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. சென்னை கவர்னர் பெண்டிங்க் எல்லாவற்றுக்கும் சம்மதித்திருந்தார். மே மாதத்தில் சிப்பாய்கள் இந்தத் தலைப்பாகை வேண்டாம் என்று வெளிப்படையாகவே மறுத்தார்கள். இருவரைச் சவுக்கால் அடித்து வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. அடங்கிவிட்டார்கள் என்று மேலிடம் எடுத்துக்கொண்டது. ஜூனில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், உள்ளே ஏதோ நடக்கிறது என்று சொன்னார். விசாரிக்கும் பொறுப்பு அங்கிருந்த இந்திய அதிகாரிகளிடமே விடப்பட்டது. இவனுக்குப் பைத்தியம் என்றார்கள் அவர்கள். பெக்கைப் பிடித்து அடைத்தாயிற்று. (புரட்சிக்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால் அவர் காட்டிக்கொடுத்தவர். அந்த வழக்கை இன்னொரு நாள் பேசலாம்.) முகத்துக்கு நேரே சொன்னவனுக்குச் சவுக்கு, தனியாக வந்து சொன்னவனுக்குச் சிறை என்றால், அப்புறம் யார்தான் சொல்வார்கள்? இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போன பிறகுதான் உத்தரவு ரத்தானது. கிரடாக்கும் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அதே பெண்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கியது நம் தலையெழுத்து.

அதிகாரத்தின் இந்தச் செவிட்டுத்தனத்துக்கு வடாற்காட்டுத் தெருக்கூத்தில் ஒரு வைத்தியம் இருக்கிறது. துரியோதனனே வந்தாலும் கட்டியக்காரனைத் தாண்டித்தான் சபைக்கு வர வேண்டும். புகழ்ந்து வரவேற்கிற வாயாலேயே அவன் ராஜாவைக் கிண்டலடிப்பான். ஊர்த் தகராறையும் விலைவாசியையும் நடுவில் இழுத்துவிடுவான். கிரீடம் வைத்தவர் நின்று கேட்டாக வேண்டும். ஒரு சமூகத்துக்குக் கலைஞர்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இவனைத்தான்.

அரசாங்கங்களுக்கு இவனைப் பிடிப்பதில்லை. நாடகங்களை அடக்க 1876இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். 1954இல் நம்முடைய சென்னை அரசும் தன் பங்குக்கு ஒன்று போட்டது. நாடகம் போட வேண்டுமா, பிரதியைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டு என்ற நிலை. மறைந்த நாடக இயக்குநர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சொன்னது 2013இல்!

கூத்து மேடைக்கு மட்டுமல்ல, நம் தோல் தொழில் வட்டாரத்துக்கும் படைப்பு அந்நியம் இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே புதுக்கவிதைக்கு ஒரு பாதை போட்டவர் கவிக்கோ அப்துல் ரகுமான். ஆனால் ஷூ கம்பெனிக்குள் கதை வேறு. டிசைன் பெரும்பாலும் கடல் தாண்டி வருகிறது. மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் வருகிறது. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற பெண்ணுக்கு எந்த இடத்தில் தோல் இழுக்கும், எந்தத் தையல் சீக்கிரம் விட்டுப்போகும் என்பது அத்துப்படி. அவரிடம் கேட்கிறவர்கள் குறைவு. வரைகிற மூளை வேறு, தைக்கிற கை வேறு என்ற ஏற்பாட்டை நான் நம்பவில்லை.

ஆகவே ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேனரியிலும் தையல் வரிசையிலும் நிற்பவர்கள் எழுதுங்கள். கதை, கவிதை, கேலிச்சித்திரம் எதுவாக இருந்தாலும் சரி, எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். ஆசிரியரைக் கிண்டல் செய்து எழுதினால் அதை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.