பந்தியில் மிஞ்சியது

முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் இரும்புலியூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரமாக நடந்து பார்த்திருக்கிறீர்களா? மூக்கைப் பிடித்துக்கொண்டாவது ஒரு முறை நடந்து பாருங்கள். கல்யாண மண்டபத்தின் வாசலில் வாழைமரம் இன்னும் வாடாமல் நிற்கும். பின்புறச் சந்தில், முந்தின நாள் நாம் 'பேஷ், பேஷ்' என்று சிலாகித்த சாம்பாரும் அவியலும், பாதி கடித்த லட்டும், பிளாஸ்டிக் தம்ளரோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் கலந்து புளித்துக் கிடக்கும். ஒரு பசுமாடு அதில் சோற்றைப் பையோடு சேர்த்து மென்றுகொண்டிருக்கும். கோமாதாவுக்கு நாம் செய்யும் பூஜை!

பிறகு லாரி வரும், அள்ளிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பல வருஷ காலம் தாம்பரத்துக் குப்பை கன்னடபாளையத்தில் மலையாய்க் குவிந்தது. அங்கே குடியிருந்தவர்கள் அந்தப் புகையையும் துர்நாற்றத்தையும் சுவாசித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அவர்கள் கூக்குரலிட்டபோது நாம் என்ன சொன்னோம்? "ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டக் கூடாதோ?" என்றோம். ஊருக்கு வெளியே என்று ஓர் இடம் உலகத்தில் உண்டா, ஐயா? நம் ஊருக்கு வெளியே என்றால் அது இன்னொருவன் ஊர்.

இப்போது கொஞ்ச காலமாக ஒரு புது மோகம். குப்பையை உலையிலிட்டு எரித்து மின்சாரம் எடுக்கலாமாம். கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுக் குப்பையில் பாதிக்குக் குறையாமல் சமையற்கட்டுக் குப்பை. சோறு, காய்கறித் தோல் இவற்றில் பெரும்பங்கு தண்ணீர். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த நம் பாட்டிமார்களைக் கேட்டால், இந்த யோசனையின் லட்சணத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

ஈரமானதை எரிக்கக் கூடாது; ஜீரணிக்க விட வேண்டும். காற்றுப் புகாத தொட்டியில், முதலில் கொஞ்சம் சாணம் கரைத்துவிட்டு, அரைத்த சோற்றையும் காய்கறியையும் தண்ணீரோடு தினந்தோறும் அளவாக ஊற்றினால் போதும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாயுவை உண்டாக்கிக் கொடுக்கும். அதில் பாதிக்கு மேல் மீதேன். அதே மீதேன்தான் குப்பை மேட்டில் வீணாகக் கிளம்பித் தீப்பிடிக்கிறது; வானத்தில் சேர்ந்து, கரியமில வாயுவைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது. இது நேற்று வந்த வித்தையுமல்ல. 1897-லேயே பம்பாய் மாதுங்காவில், தொழுநோயாளர் இல்லத்துக் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள்.

"அப்படியானால் கோயம்பேடு என்ன ஆயிற்று?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காய்கறி மார்க்கெட்டின் கழிவு தினம் 30 டன்னைக் கொண்டு மின்சாரம் எடுக்க, 2005-ல் அங்கே ஒரு நிலையம் திறந்தார்கள். ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. இதை ஒரு பெரிய ஆயுதமாக எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, இதெல்லாம் நம் நாட்டுக்குச் சரிப்படாது" என்று தலையை ஆட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொட்டிகள் எதனால் நின்றுபோகின்றன என்பதை அவர்கள் விசாரிப்பதில்லை. கோணியும் கயிறும் பிளாஸ்டிக்கும் உள்ளே போனால் அரைவை இயந்திரம் நிற்கும். எலுமிச்சையையும் ஆரஞ்சுத் தோலையும் ஒரே நாளில் கொட்டினால் புளிப்பேறிக் கிருமிகள் செத்துப்போகும். தினமும் பார்த்துக்கொள்ள, சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைக்காவிட்டால் எல்லாமே நிற்கும். திறப்பு விழாவுக்கு மாலை வாங்கப் பணம் இருக்கிறது. மூன்றாவது வருஷம் வால்வு மாற்றப் பணம் இல்லை! பசுவுக்குக் கம்பியும் கண்ணாடியும் போட்டுவிட்டு, பால் கறக்கவில்லையே என்று பசுவை நொந்துகொள்கிற கதை இது.

இதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே போனால், பரனூர் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே தினம் 8 டன் உணவுக் கழிவிலிருந்து 400 கிலோ வாகன எரிவாயு எடுப்பதாகத் திட்டமிட்டு ஆலை கட்டினார்கள். கிருமிகள் வேறு ஜாதியா? இல்லை. அங்கே கழிவைப் பிரித்துக் கொடுக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள், அவ்வளவுதான்.

என் பக்கத்து வீட்டு நண்பர், ஓய்வு பெற்ற அதிகாரி, சாய்வு நாற்காலியிலிருந்தபடியே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்.

"நமக்கெதுக்கு சார் இந்த வம்பு? வரி கட்டறோம் இல்லையா? பிரிக்கறது அவங்க வேலை."

அவர் வீட்டுச் சோற்றையும் அவர் பேரனின் அணையாடையையும், கையுறைகூட இல்லாமல் பிரிக்க வேண்டியவர் ஒரு பெண்பிள்ளை. நண்பர் நல்லவர், ஏகாதசி தவறாதவர். ஆனால் அடுக்களையில் இரண்டு வாளி வைப்பது மட்டும் அவருக்கு அகௌரவம். 1990-களில் பம்மல் சங்கரா நகரில் பெண்கள் சிலர் ஒன்றுகூடி, வீட்டுக்கு வீடு குப்பையைப் பிரித்து வாங்கி மண்புழு உரம் போட்டார்கள். அந்தப் பம்மல் இன்று நமது தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே இருக்கிறது. அவர்களால் முடிந்தது சாய்வு நாற்காலியால் முடியாதா?

மண்டபங்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய வழக்கு. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர்கள், மட்கும் குப்பையைக் கூடுமானவரை தங்கள் இடத்திலேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. ஆயிரம் பேர் உண்ட கல்யாணத்தில் ஆளுக்குக் கால் கிலோ மிஞ்சியதாக வைத்துக்கொள்ளுங்கள்; 250 கிலோ. ஒரு டன்னுக்குச் சுமார் 100 கன மீட்டர் வாயு என்ற கணக்கில், ஏறக்குறைய முக்கால் வீட்டுச் சிலிண்டருக்குச் சமம். குபேர சம்பத்து அல்ல, ஒப்புக்கொள்கிறேன். வாழையிலையும் நாரானது, மெதுவாகத்தான் மக்கும். அது உரக்குழிக்குப் போகட்டும். ஆனாலும் மறுநாள் காலை காப்பிக்குப் பால் காய்ச்ச அந்த வாயு போதாதா? அலங்கார வளைவுக்கும் செண்டை மேளத்துக்கும் லட்சம் லட்சமாகக் கொடுக்கிற சம்பந்திகள், தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் குடி முழுகிப் போகாது.

தொட்டி இல்லாத மண்டபத்துக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மாநகராட்சிக்கு ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நானே முன்மொழிகிறேன். வழிமொழிவதற்குப் பக்கத்து வீட்டு நண்பரைக் கேட்டேன். அன்று அவருக்கு ஒரு கல்யாணம் இருக்கிறதாம்.