தாலாட்டைப் பற்றிப் பேசியவன்

தாலாட்டு இலக்கியம் குறித்துப் பல மேடைகளில் உரையாற்றியிருக்கிறேன். தால் என்றால் நாக்கு, நாவை ஆட்டிப் பாடுவதால் அது தாலாட்டாயிற்று என்று தொடங்கி, பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடியதையும், பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலப்பருவம் மூன்றாவதாக அமைவதையும் சொல்லி ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசுவேன். ஆனால் ஒரு குழந்தையை நித்திரையாக்க எனக்குத் தெரியாது. இந்த உண்மை எனது ஐம்பத்தெட்டாவது வயதில், கடந்த ஆடி மாதத்தில்தான் அம்பலமானது.

ரொறொன்ரோவில் வசிக்கும் மகள், இரண்டரை வயது மகனுடன் ஆறு வார விடுமுறையில் வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் வாரம் யாரையும் குறைகூற முடியாது. கொழும்பில் இரவு 9 மணி எனில் அங்கு முற்பகல் 11.30. விமானம் மாறிய பிள்ளையின் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் உடனே மாறிவிடாது. தினமும் காலையில் அவனைக் கடற்கரை வெயிலுக்கு அழைத்துச் சென்றோம். ஒரு வாரத்தில் சீரானான். அதன் பின்னர் இரவு எட்டு மணிக்கு உடல் கழுவுதல், பால், பல் துலக்குதல், ஒரேயொரு கதைப்புத்தகம், சிறு விளக்கு என்று மகள் நடத்திய ஒழுங்கைப் பத்திரிகையின் பின்னாலிருந்து வேடிக்கை பார்த்ததோடு எனது பங்கு முடிந்தது.

அப்போது யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவர் காலமானார். மகளும் துணைவியாரும் மரணச் சடங்குக்குப் புறப்பட்டனர். நீண்ட பயணம் பிள்ளைக்கு ஆகாதென அவன் என்னிடம் விடப்பட்டான். இரண்டு இரவுகள்.

முதல் இரவை ஒரு தோல்வியின் அறிக்கையாகவே எழுத வேண்டும். எட்டு மணிக்கு விளக்கை அணைத்தேன். அவன் எழுந்து ஓடினான். தண்ணீர் கேட்டான்; குடிக்கவில்லை. கைத்தொலைபேசியில் யானை காட்டினேன். அரை மணி நேரம் அசையாதிருந்தவன், அதை வாங்கியதும் முன்னிலும் உசாராகிவிட்டான். பதினொரு மணியளவில் நான் குரலை உயர்த்தினேன். அவன் அழவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, "அம்மா எங்க?" என்று கேட்டான். "இப்ப வந்திடுவா, படு" என்றேன். பொய். வாசலைப் பார்த்தபடி நள்ளிரவுவரை விழித்திருந்தான். வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடு என்றும் சொன்னால் எந்தப் பிள்ளை மூடும்?

பெரியவர்களுக்கு நித்திரை ஓய்வு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பிரிவு. கண்ணை மூடினால் அருகிலிருப்பவர் போய்விடலாம், விழிக்கும்போது யார் இருப்பார் என்பது தெரியாது. அவன் போராடுவது நித்திரையோடு அல்ல. எமக்கு அவசரம் இருப்பதை அவன் கண்டுபிடித்துவிடுகிறான். அவசரப்படுபவர் போகப்போகிறவர் என்பது அவனது தர்க்கம். அதில் பிழை காண என்னால் முடியவில்லை.

மறுநாள் இரவு உண்மையைச் சொன்னேன். "அம்மா யாழ்ப்பாணம் போட்டா. நாளைக்கு நீ எழும்பின பிறகு வருவா." மகளின் ஒழுங்கை ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். பாட்டு வேண்டுமென்றான். இத்தனை உரைகள் ஆற்றியவனுக்கு ஒரு தாலாட்டுக்கூட முழுமையாக மனதில் இல்லை. கரையோரப் பாதையில் ரயில் போகும் சத்தம் கேட்டது. "ரயில் நித்திரைக்குப் போகுது. அம்மப்பா இஞ்சைதான் இருக்கிறன், படு ராசா" என்றேன். இதையே எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. ஒன்பதரைக்குள் என் விரலைப் பிடித்தபடியே உறங்கிவிட்டான். நான் கதிரையிலேயே இருந்தேன்.

பொஸ்டன் மருத்துவர் றிச்சர்ட் ஃபேர்பர் 1985இல் வெளியிட்ட நூல், அழும் பிள்ளையைச் சற்றுச் சற்றாக நேரம் கூட்டிக் காத்திருந்து தேற்றும் முறையைப் பிரபலமாக்கியது. அதனைக் கொடுமை என்பர் எமது பாட்டிமார். நானும் அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் அவுஸ்திரேலியக் குழந்தைகளை ஆறு வயதுவரை தொடர்ந்து அவதானித்து 2012இல் வெளியான ஆய்வு, அத்தகைய முறைகளால் நீண்டகாலத் தீங்கோ நன்மையோ காணப்படவில்லை என்றது. ஆகவே அம்முறையைக் கையாளும் களைத்துப்போன தாயரைக் கண்டிக்க எனக்கு உரிமையில்லை. பெற்றோர் படுக்கையருகே கதிரையில் அமர்ந்து, நாளுக்குநாள் அதனைக் கதவை நோக்கி நகர்த்தும் மென்மையான முறையும் உண்டு. 2009இல் அமெரிக்க உளவியலாளர் ஜோடி மின்டெல் குழுவினர் 405 தாய்மாரிடம் நடத்திய ஆய்வில், தினமும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்த வீடுகளில் இரண்டே வாரங்களில் பிள்ளைகள் விரைவாக உறங்கினர். தாய்மாரின் மனநிலையும் தேறியது. (அந்த ஒழுங்கில் குளியலும் உண்டு, ஆய்வுக்கு நிதி குழந்தைச் சவர்க்காரம் விற்கும் நிறுவனத்துடையது. பத்திரிகையாளன் இதைச் சொல்லாமல் விடலாகாது.)

கவனித்தீர்களா? 405 தாய்மார். தந்தையர் எங்கே?

நான் எங்கிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். மகள் 1997இல் பிறந்தாள். காலைப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் நள்ளிரவு தாண்டியே முடியும். போர்ச் செய்திக்காகக் காத்திருந்த காலம் அது. அதைச் சொன்னால் எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் விடுமுறை நாட்களும் இருந்தன. அன்றும் அவளை நித்திரையாக்கியது தாயே. நான் முன்னறையில் நண்பர்களுடன் இலக்கியம் பேசிக்கொண்டிருந்தேன். தாலாட்டை எமது பண்பாட்டின் பெருமையாக மேடையில் ஏற்றுவது ஆண்கள். நாள் முழுவதும் உழைத்த உடம்போடு இருட்டறையில் அதைப் பாடியது பெண்கள். இப்போது புலம்பெயர் நாடுகளில் அந்தப் பெண்ணும் வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள். பக்கத்தில் அம்மம்மாவும் இல்லை. அந்த இடத்தை நிரப்பக் கைத்தொலைபேசி வந்திருக்கிறது என்றால், தந்தை அங்கே இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய மகளிடம் எனது வெற்றியைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சின்னனில உங்கட மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாப் பிறகுதான் நான் சில நாள் நித்திரை கொள்ளுவன்" என்றாள். நான் வரும்போதெல்லாம் அவள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்றே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நினைத்திருந்தேன்.

அவர்கள் திரும்பிச் சென்றுவிட்டனர். மருமகன் வாரத்தில் மூன்று இரவு அந்தக் கதிரையில் அமர ஒப்புக்கொண்டுள்ளார். நானும் படுக்கை நேரத்தில் காணொளி அழைப்பில் வந்து ரயில் கதை சொல்கிறேன் என்றேன். மகள் மறுத்துவிட்டாள். "படுக்கப் போற நேரத்தில திரை கூடாதப்பா. காலமை எடுங்கோ."

எமக்குப் பிற்பகல் 4.30, அங்கு காலை 7 மணி. எடுக்கிறேன்.