எண்ணெய் லிட்டரா, கிலோவா?

சமையலறைக்குப் புதிதாக ஒரு தராசு வந்துவிட்டால் முதல் இரண்டு நாள் கை சும்மா இருக்காது. கண்ணில் படுவதையெல்லாம் எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றும். ஒரு வீட்டில் அப்படித்தான் மாமியார் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட்டைத் தூக்கித் தராசில் வைத்தார். 917 கிராம் என்று காட்டியது. இறக்கிவிட்டு மறுபடி வைத்தார். அதே 917.

"பார்த்தியாம்மா, கவரோட சேர்த்தே 83 கிராம் குறையுது. இத்தனை வருஷமா அந்த அண்ணாச்சி கடையிலதான் வாங்குறோம். இப்பவே போய்க் கேட்டுட்டு வரேன்" என்று செருப்பை மாட்டப் போனவரை மருமகள் நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க அத்தை, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க."

பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: நிகர அளவு 1 லிட்டர், 910 கிராம். மீதி 7 கிராம் கவர்.

அண்ணாச்சி தப்பித்தார். ஆனாலும் மாமியார் கேட்டது நல்ல கேள்விதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ இருக்கிறதே, எண்ணெய் மட்டும் ஏன் 910 கிராமில் நின்றுவிடுகிறது?

லிட்டர் என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. பள்ளிப் புத்தகம் இதைப் பருமன் என்கிறது. கிலோ என்பது அந்த இடத்துக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதன் அளவு. இது நிறை. நிறையைப் பருமனால் வகுத்தால் வருவது அடர்த்தி. 910 கிராமை 1000 மில்லியால் வகுத்தால் 0.91. அதாவது ஒரு மில்லி எண்ணெய் 0.91 கிராம்தான் இருக்கும். தண்ணீருக்கு அது கிட்டத்தட்ட 1. சாம்பாரில் எண்ணெய் மேலே மிதப்பதும் இந்த வித்தியாசத்தால்தான்.

பாக்கெட்டில் அச்சடித்ததை நம்ப மனமில்லை என்றால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு காலி பாட்டிலை நிறுத்துக்கொள்ள வேண்டும். 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் ஒரு கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றி நிறுத்தால் 540 கிராம். ஆகவே தண்ணீர் 500 கிராம், பாட்டில் பிடிப்பது 500 மில்லி. தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை எண்ணெய் ஊற்றினால் 496 கிராம் காட்டும். பாட்டிலைக் கழித்தால் எண்ணெய் 456 கிராம். 456-ஐ 500-ஆல் வகுத்தால் 0.912. காயவைக்கும் வேலையில்தான் பலரும் அவசரப்படுவார்கள். உள்ளே தண்ணீர் தேங்கி நின்றால் கணக்கு மாறிவிடும்.

இதை வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே 0.91, 0.92 என்று ஒட்டி ஒட்டித்தான் நிற்கும். ஒன்றில் இன்னொன்றைக் கலந்தால் வீட்டுத் தராசுக்குத் தெரியாது.

இந்தக் கணக்கு நிஜமாகக் கைகொடுப்பது விலை கேட்கும்போது. செக்குக் கடை ஒன்றில் கடலை எண்ணெய் லிட்டர் 300 ரூபாய். அடுத்த தெருவில் இன்னொரு செக்குக் கடை, அங்கே கிலோ 320 ரூபாய். 20 ரூபாய் அதிகம் என்று முதல் கடைக்கே திரும்பிவிடுவோம். ஆனால் 320-ஐ 0.91-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 291 ரூபாய்தான் வருகிறது. இரண்டாவது கடையில்தான் 9 ரூபாய் மலிவு. கிலோ விலையை லிட்டர் விலையாக்க 0.91-ஆல் பெருக்க வேண்டும்; லிட்டர் விலையைக் கிலோ விலையாக்க 0.91-ஆல் வகுக்க வேண்டும்.

பாக்கெட்டில் 9 ரூபாய் என்றால் டின்னில் அது பெரிய தொகையாகிவிடும். கல்யாணம், தீபாவளிப் பலகாரம் என்று வரும்போது டின்னாக வாங்குகிறோம். சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. போனில் "15 டின் என்ன விலை?" என்று கேட்டால் அவர் ஒன்றைச் சொல்வார், நாம் வேறொன்றைப் புரிந்துகொள்வோம். 15 லிட்டரை 0.91-ஆல் பெருக்கினால் 13.65 கிலோ. டின்னுக்கு 1.35 கிலோ வித்தியாசம். கிலோ 160 ரூபாய் எண்ணெய் என்றால் 216 ரூபாய். கல்யாணச் சமையலுக்கு ஐந்து டின் இறக்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும். விலைக்கு முன்னால் "கிலோ டின்னா, லிட்டர் டின்னா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சூடானால் எண்ணெய் விரியும். நிறை மாறாது, இடம் மட்டும் கூடும், அதனால் அடர்த்தி குறையும். மார்கழிக் குளிரில் உறையும் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கொஞ்சம் இறங்கினாற்போல் தெரிவது இதற்கு நேர் எதிர். யாரும் எடுத்துத் தேய்த்துக்கொள்ளவில்லை, எண்ணெய்தான் சுருங்கியிருக்கிறது.

இந்த விரிவு சில பாக்கெட்டுகளில் வியாபாரத் தந்திரமாகவும் வந்தது. "60 டிகிரியில் 1 லிட்டர்" என்று போட்டிருப்பார்கள். 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதைக் கையில் எடுத்தது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம்தான் என்று சுட்டிக்காட்டி, வெப்பநிலையைப் போடாமல் பருமனையும் நிறையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்றது. லேபிளை மாற்ற 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. 26.5 கிராம் சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் அந்த 892.6 கிராம் எண்ணெய் நம் வீட்டு 30 டிகிரியில் சுமார் 978 மில்லிதான் வரும். எந்த வீட்டுச் சமையலறை அலமாரியும் 60 டிகிரியில் இருப்பதில்லை.

நெய்யிலும் கிட்டத்தட்ட எண்ணெய்க் கணக்குதான். 500 மில்லி ஜாடியில் 455 கிராம் போல இருக்கும், 500 கிராம் ஜாடியில் அதைவிட 45 கிராம் கூட. தேன் தலைகீழ். அதன் அடர்த்தி 1.4-க்கு மேல். அரைக் கிலோ தேன் 350 மில்லி பாட்டிலில் அடங்கிவிடும். பாட்டில் சின்னதாக இருக்கிறதே என்று கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் பருமன் அளவுதான். படியைக் குலுக்கி அளந்தால் தானியங்களுக்கு இடையில் உள்ள காற்று வெளியேறிக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது பாட்டிகளுக்குத் தெரியும். குலுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். சரஸ்வதி பூஜைப் பொரி இன்றும் படிக்கணக்கில்தான்.

காற்றை விற்பதில் பொரியோடு போட்டி போடக்கூடியது ஐஸ்க்ரீம். தயாரிக்கும்போதே அதற்குள் காற்றை அடித்துச் சேர்க்கிறார்கள். அது இல்லாவிட்டால் கல்போல இறுகிவிடும். அளவு மட்டும் மில்லியில் போட்டிருக்கும். லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு லிட்டர் பெட்டியில் சற்றேறக்குறைய அரைக் கிலோ இருந்தாலே சட்டப்படி சரி என்று அர்த்தம்.

அந்த வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தராசில் ஏறியது பேரனின் ஐஸ்க்ரீம் பெட்டிதான். ஒரு லிட்டர், பெட்டியைக் கழித்து 540 கிராம். "அப்போ காத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோமா?" என்றார் மாமியார். பிரிட்ஜில் வேறொரு கம்பெனியின் 500 மில்லி பெட்டி இருந்தது. அதை நிறுத்தால் 400 கிராம். முதலாவது மில்லிக்கு 0.54, இரண்டாவது 0.8. இரண்டு பெட்டியின் விலையையும் கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க மருமகள் போனை எடுப்பதற்குள் பேரன் கரண்டியோடு வந்துவிட்டான்.