"நார்மலா, சிசேரியனா?" – இந்தக் கேள்வியை முதல்ல நிறுத்துவோம்!



தலைப்பைப் பார்த்ததும் "டேய், இது இன்ஜினியரிங் காலேஜ் இதழா, மகப்பேறு மருத்துவமனை நோட்டீஸ் போர்டா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஆசிரியர் குழுவிலும் இதையேதான் கேட்டாங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இன்னும் ஏழெட்டு வருஷத்தில் நம்மில் பாதிப்பேர் ஒரு பிரசவ வார்டுக்கு உள்ளேயோ, அதன் கதவுக்கு வெளியேயோ இருக்கப் போகிறோம். ஒரு பைக் வாங்க மூணு மாசம் யூடியூபில் ரிவ்யூ பார்க்கிற நமக்கு, பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும்? ஹீரோயின் கத்துவார், ஹீரோ வெளியே நடப்பார், டாக்டர் கதவைத் திறந்து "தாயா, சேயா, யாராவது ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்" என்பார். சினிமா சொல்லிக்கொடுத்த இந்த சிலபஸோடு நானும் போன செமஸ்டர் லீவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன்.

உள்ளே என் அக்கா. முதல் குழந்தை. காலையில் வலி எடுத்து, சாயங்காலம் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. ஏழு மணிக்கு மேல் நர்ஸ் ஒருத்தர் வேகமாக வெளியே வந்தார். "குழந்தையோட ஹார்ட் பீட் குறையுது, உடனே ஆபரேஷன், யாருங்க வீட்டுக்காரர்?" என்று ஒரு ஃபாரத்தை நீட்டினார். மாமாவின் கை நடுங்கியது. ஒரு வரி கூடப் படிக்கவில்லை. ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது நாம 'ஐ அக்ரி' அழுத்துவோமே, அதே மாதிரி கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற நானும் எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

முக்கால் மணி நேரத்தில் பாப்பா வந்தாச்சு. ரெண்டு பேரும் நலம்.

மறுநாள் காலையிலிருந்து சொந்தக்காரங்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வர ஆரம்பித்தார்கள். வந்த பத்துப் பேரில் எட்டுப் பேருடைய முதல் கேள்வி, "நார்மலா, சிசேரியனா?" பதில் கேட்டதும் ஒரு "ப்ச்". "அந்தக் காலத்துல நாங்கல்லாம் வயல்ல வேலை பார்த்துக்கிட்டே பெத்துப் போட்டோம்" என்று ஒரு பெரியம்மா. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வலி தாங்க முடியல" என்று இன்னொருத்தர். அன்று ராத்திரி, இருமல் வந்தால் தையல் வலிக்கும் என்று தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி அக்கா என்னிடம் சொன்னாள்: "நான் ஃபெயில் ஆயிட்டேன்டா."

நண்பர்களே, நான் அரியர் வைத்தவன். ஃபெயில் ஆவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து மணி நேரம் வலி தாங்கி, பிறகு வயிற்றைக் கிழித்து ஒரு உயிரைக் கொடுத்தவள் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

கொஞ்சம் டேட்டா பார்ப்போம்

நாம இன்ஜினியர்கள், அதனால் முதலில் எண்கள். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 100 பிரசவத்தில் சுமார் 21 சிசேரியன். தமிழ்நாட்டில் 45. தெலங்கானாவில் 60க்கும் மேல். தமிழ்நாட்டின் 45ஐ இன்னும் பிரித்துப் பார்த்தால், அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 64.

உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதம் வரை உயரும்போது தாய், சேய் மரணங்கள் குறைகின்றன, அதற்கு மேல் போவதால் மரணம் இன்னும் குறைவதாகத் தெரியவில்லை என்றது. அதே அறிக்கை சொன்ன இன்னொரு விஷயத்தை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை: ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை எட்டுவது நோக்கமல்ல, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைப்பதுதான் முக்கியம்.

சிக்கலான கேஸ்கள் எல்லாம் கடைசியில் வந்து சேருவது பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத்தான். அங்கே 36, தனியாரில் 64 என்றால், அந்த வித்தியாசத்தைப் பெண்களின் உடம்பு மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது. வேறு என்ன காரணம்?

ஒன்று, நேரம். முதல் பிரசவம் 12 மணி நேரமும் ஆகலாம், 18 மணி நேரமும் ஆகலாம். சின்ன ஊரில் ஒரே டாக்டர் நடத்தும் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க யார் உட்கார்ந்திருப்பது? மயக்க மருந்து டாக்டரும் குழந்தை டாக்டரும் வெளியிலிருந்து வர வேண்டும். ஆபரேஷன் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிகிறது, பில்லும் பெரிசு. டாக்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சிஸ்டத்தை அப்படி டிசைன் பண்ணி வைத்தால் ரிசல்ட் அப்படித்தான் வரும். சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பே 2018ல், இரண்டு வகைப் பிரசவத்துக்கும் டாக்டர் கட்டணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இரண்டு, பழைய ஸ்கேல். கருப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு, 1950களில் நியூயார்க்கில் ஃப்ரீட்மேன் என்ற டாக்டர் 500 பெண்களைக் கவனித்து வரைந்த கிராஃபிலிருந்து வளர்ந்தது. எல்லாப் பெண்ணுக்கும் இந்த வேகம் பொருந்தாது, 5 சென்டிமீட்டர் வரை மெதுவாகப் போவது இயல்புதான் என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் "இன்னும் திறக்கல, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்ற பேச்சு முழுசாகப் போகவில்லை.

மூன்று, ஃபால்ஸ் அலாரம். குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சி.டி.ஜி. இயந்திரம் ரொம்ப சென்சிட்டிவ். ஒன்றும் பெரிசாக ஆகாதபோதும் சில சமயம் கத்தும். சாதாரண பிரசவங்களில், குறிப்பிட்ட இடைவெளியில் துடிப்பைக் கேட்பதோடு ஒப்பிட்டால், இதைத் தொடர்ந்து மாட்டி வைக்கும்போது சிசேரியன் கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதற்காக அலாரத்தைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது. இன்ஸ்ட்ருமென்டேஷன் பசங்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

நாலு, நாமேதான். என் ரூம்மேட்டின் அண்ணிக்கு ஜோசியர் தேதி குறித்துக் கொடுத்தார். 37வது வாரம், காலை பத்தரைக்குள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் வீட்டில் விடவில்லை. பிறந்த குழந்தை மூச்சுத் திணறலோடு நாலு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தது. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் ஆபரேஷன் செய்தால் குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகம். நல்ல நட்சத்திரத்தில் பிறக்கணும் என்று பார்த்தவர்கள், நுரையீரல் தயாரா என்று பார்க்கவில்லை.

அப்போ சிசேரியனே தப்பா?

இல்லவே இல்லை. நஞ்சு கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், தொப்புள்கொடி முன்னால் சரிந்து வந்துவிட்டால், இதயத் துடிப்பு இறங்கி ஏறாமலே இருந்தால், அந்தக் கத்திதான் உயிர். "பாட்டி எட்டு பெத்தாங்க" என்று பெருமையாகச் சொல்கிறோம். எட்டில் எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்க. எங்கள் பாட்டி பெற்றது ஏழு, வளர்ந்தது நாலு. பாட்டியின் தங்கை தலைப்பிரசவத்திலேயே போய்விட்டார். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச அவர் இன்று இல்லை. இருப்பவர்கள்தான் பேசுகிறார்கள்.

'எல்லாம் இயற்கை' என்று அடுத்த எல்லைக்கு ஓடுவதும் ஆபத்து. 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கால் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கலாம். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்குக்கு நிமிடக் கணக்குதான் நேரம். நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்று வரும் மெசேஜ்களில் எத்தனை பிரசவ கேஸ் என்று ரத்த தானம் செய்யும் நண்பர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அதற்காக சிசேரியனை 'ஈஸி ஆப்ஷன்' என்றும் நினைக்காதீர்கள். அது வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை சிகிச்சை. தேற அதிக நாள் ஆகும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் அபாயம், ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் தேவையில்லாத முதல் சிசேரியனைத் தவிர்ப்பது முக்கியம். அதே நேரம், முதலில் சிசேரியன் ஆனால் அடுத்ததும் சிசேரியன்தான் என்பதும் கட்டாயமில்லை. வசதியுள்ள மருத்துவமனையில், தகுதியானவர்கள் முயன்றால் நாலில் மூன்று பேருக்கு இயல்பாகவே பிறக்கிறது.

யார் முடிவு அது?

என் கருத்து இதுதான். நார்மல் உசத்தியா, சிசேரியன் உசத்தியா என்பது நம்ம விவாதமே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் காரணம் சொல்லப்பட்டதா, அவள் சொன்னதை யாராவது கேட்டார்களா என்பதுதான் விவாதம்.

டிஸ்சார்ஜ் அன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டேன், "மேடம், அன்னைக்கு என்ன ஆச்சு?" அவர் கோபப்படவில்லை. கிராஃப் பேப்பரை எடுத்து, துடிப்பு எங்கே இறங்கியது, எத்தனை நிமிஷம் ஏறவில்லை, இடது பக்கம் படுக்க வைத்தும் ஏன் பலனில்லை என்று அஞ்சே நிமிஷத்தில் விளக்கினார். அக்கா அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப என் மேல தப்பு இல்லல்ல?" என்றாள். "உன் மேல என்னம்மா தப்பு? நீ நல்லாத்தான் முயற்சி பண்ணின" என்றார் டாக்டர். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். "யாருமே கேட்கலையே தம்பி" என்றார். அவர்களே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனா நாங்களும் கேட்கவில்லை என்பது உண்மை.

அதனால் இந்தக் கேள்விகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் மாச செக்கப்பிலேயே கேட்க வேண்டியவை. இங்கே எத்தனை சதவீதம் சிசேரியன் ஆகிறது? ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? வலி குறைக்க என்ன வசதி இருக்கிறது? கூட ஒருத்தர் உள்ளே இருக்கலாமா? ஆபரேஷன் என்று சொன்னால்: காரணம் என்ன, இது இந்த நிமிஷமே வேண்டுமா, கொஞ்சம் பொறுத்தால் என்ன ஆகும்? அவசரம் என்று டாக்டர் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம், வழிவிடுங்கள். அவசரமில்லை என்றால் கேட்பது உங்கள் உரிமை. சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்கான சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவர் நோயாளியே என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாமாவின் கையெழுத்துக்கு முன் அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஒரு பெண் "எனக்கு ஆபரேஷனே போதும்" என்றால், அதுவும் அவள் முடிவுதான்.

இன்னொன்று, துணை. திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை நமக்குத் தெரியும். காவிரியில் வெள்ளம், பிரசவம் பார்க்க வேண்டிய அம்மாவால் வர முடியவில்லை, சிவனே அந்த அம்மா உருவில் வந்து பக்கத்தில் இருந்தார் என்பார்கள். பிரசவத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது நம்ம ஊருக்குப் பழைய பாடம். தொடர்ந்து ஒருவர் துணையாக இருந்தால் சிசேரியன் குறைகிறது என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் இருக்கிறது. அங்கே பிரசவமும் சிசேரியனும் இலவசம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. 'சுகப்பிரசவம்' என்ற சொல்லைப் பாருங்க. அதில் சுகம் என்றுதான் இருக்கிறது. எந்த வழியாக என்று அதில் இல்லை. தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தால் அது சுகப்பிரசவம். அந்தக் கணக்கில் என் அக்காவுக்கு நடந்ததும் சுகப்பிரசவம்தான்.

பாப்பாவுக்கு இப்போ ஏழு மாசம். என் ரெக்கார்டு நோட்டைக் கிழிப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை. அடுத்த முறை நீங்கள் யாரையாவது பிரசவம் பார்க்கப் போனால், பழத்தை வையுங்கள், குழந்தையைக் கொஞ்சுங்கள். அதற்கு முன்னால் கட்டிலில் படுத்திருப்பவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீ எப்படி இருக்கே?"

அது போதும்.