டேலி ஆகாத கப்பல்

பி.காம். படித்தவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? பேலன்ஸ் தெரியும் சார். கப்பலுக்கு அதுதானே முக்கியம்!

ஒரு காலத்தில் கடல் சண்டை என்றால், எதிரியின் பாய்மரக் கப்பலோடு உரசி நின்று, தாவிக் குதித்து, வெட்டிக்கொள்வது. தண்ணீர் மேல் நடக்கும் தெருச் சண்டை, அவ்வளவுதான். பீரங்கியெல்லாம் மேல் தளத்தில் சின்னச் சின்னதாக இருக்கும். டன் கணக்கில் கனக்கும் பெரிய பீரங்கிகளை வரிசையாக மேலே ஏற்றினால் கப்பலுக்குத் தலைக்கனம் பிடித்துக் கவிழ்ந்துவிடும்.

1500-ஐ ஒட்டி ஐரோப்பாவில் ஒரு யோசனை பரவியது. பீரங்கியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கு. கப்பலின் விலாவில் ஓட்டை போடு. ஓட்டைக்கு ஒரு கதவு வை. சண்டை வந்தால் திறந்து சுடு, முடிந்ததும் மூடு. அடுத்த முந்நூற்றைம்பது வருஷக் கடல் சரித்திரமே இந்த ஓட்டைதான். ஒரே ஒரு சிக்கல். ஓட்டை தண்ணீருக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

1545 ஜூலை 19. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய 'மேரி ரோஸ்' சாய்ந்தது. திறந்திருந்த ஓட்டைகள் வழியே கடல் உள்ளே வந்தது. எதிரி ஏறிவிடக் கூடாதென்று மேல் தளத்தில் வலை கட்டியிருந்தார்கள். சொந்த ஆட்களாலேயே அதைத் தாண்டி வெளியே வர முடியவில்லை. கப்பலில் சுமார் 500 பேர். பிழைத்தவர்கள் 35 பேர்கூட இல்லை.

பாடம் கற்றார்களா? ஸ்வீடனுக்குப் போவோம்.

ராஜா கஸ்டாவஸ் அடால்ஃபஸ் கட்டச் சொன்ன கப்பல் 'வாசா'. 64 பீரங்கிகள். அவற்றில் 48, இருபத்துநாலு பவுண்டு குண்டு வீசும் ஒரே ரக ராட்சசன்கள். கீழ்த்தளத்திலும் அதே, அதற்கு மேல் தளத்திலும் அதே! கட்டிய மேஸ்திரி 1627-ல், வேலை முடியுமுன்பே காலமானார். ராஜாவோ போர்முனையிலிருந்து 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கடிதம் போட்டபடி இருந்தார்.

புறப்படுமுன் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். முப்பது மாலுமிகள் தளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மிரண்டுபோன அட்மிரல், உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். கப்பலை அல்ல, ஓட்டத்தை.

1628 ஆகஸ்ட் 10. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். மாலுமிகளின் குடும்பத்தாரும் கப்பலில் இருந்தார்கள். மரியாதைக்குப் பீரங்கி முழங்கியது, அதனால் கதவுகள் திறந்தே இருந்தன. ஒரு காற்று வீசியது. அவ்வளவுதான். கிளம்பிய இடத்திலிருந்து 1,300 மீட்டர்கூடச் சரியாகப் போகவில்லை, முதல் பயணத்திலேயே வாசா மூழ்கியது. சுமார் முப்பது பேர் செத்தார்கள்.

என்கொயரி நடந்தது. பீரங்கியெல்லாம் கட்டித்தான் இருந்தது, யாரும் குடித்திருக்கவில்லை என்றார் கேப்டன். ராஜா ஓகே பண்ணின அளவுப்படிதான் கட்டினோம் என்றார்கள் கட்டியவர்கள். அப்புறம் யாரைப் பிடிப்பது? ஃபைலை மூடிவிட்டார்கள். ஒருத்தருக்கும் தண்டனை இல்லை.

அப்புறம் மெதுமெதுவாகக் கணக்கு சரியானது. பிரெஞ்சுக்காரர்கள் 74 பீரங்கிக் கப்பலை உருவாக்கியபோது, கீழ் ஓட்டைகளைத் தண்ணீரிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்தார்கள். 1747-ல் அப்படி ஒன்றைப் பிடித்த இங்கிலாந்து, வெட்கப்படாமல் பார்த்துக் காப்பியடித்தது. 1805 டிரஃபால்கர் சண்டையில் நெல்சனின் 'விக்டரி'யில் 104 பீரங்கிகள். கீழ்த்தளத்தில் 32 பவுண்டு, நடுவில் 24, அதற்கு மேல் 12. கனமானது கீழே, லேசானது மேலே. மூட்டை தூக்குகிறவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்!

வாசாவை 1961-ல், 333 வருஷம் கழித்து வெளியே எடுத்தார்கள். மியூசியத்தில் முழுசாக நிற்கிறது. அந்த அட்மிரலுக்குக் கப்பல் கவிழும் என்று தெரியும். ஓடிய முப்பது பேருக்கும் தெரியும். யாரும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு முப்பது பேர்.

உங்கள் ஆபீஸிலும் டெஸ்ட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, 'மேலிடம் அவசரப்படுத்துது, அனுப்பு' என்கிற அட்மிரல் யாராவது இருந்தால், முதலில் ஒரு மெமோ எழுதிக் கொடுங்கள். அப்புறம் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.