பிள்ளைகளின் தரப்புள்ளிக்குப் புதிய விதிகள் வேண்டும்



நம் தமிழ்ப்பள்ளிகளில் சதுரங்கம் நன்கு வேரூன்றிவிட்ட புறப்பாட நடவடிக்கை. ஒரு பலகையும் முப்பத்திரண்டு காய்களும் இருந்தால் போதும். பெரிய திடல் வேண்டா. மழைக்கும் அஞ்ச வேண்டா. ஐம்பது மாணவர்கள் பயிலும் தோட்டப்புறப் பள்ளியும் ஆயிரம் மாணவர்கள் பயிலும் நகர்ப்புறப் பள்ளியும் சரிநிகராக மோதக்கூடிய களம் அது.

அண்மைக் காலமாக இக்களத்தில் ஒரு புதிய வழக்கம் நுழைந்துள்ளது. பள்ளிக் கழகங்களும் பள்ளிகளுக்கிடையிலான தொடராட்டங்களும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்புள்ளியைக் கணக்கிடுகின்றன. 'ரேட்டிங்' என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறுகிறது. அன்று மாலையே பெற்றோரின் வாட்சப் குழுவிலும் வலம் வருகிறது. "உன் மகனுக்கு எத்தனை?" என்ற கேள்வி பிறக்கிறது.

தரப்புள்ளியே வேண்டா என்பது என் வாதமன்று. பெரியவர்களுக்காக வகுக்கப்பட்ட விதிகளை அப்படியே எடுத்துப் பத்து வயதுப் பிள்ளையின்மீது சுமத்துவது முறையன்று என்பதே என் வாதம். வளரும் பிள்ளைக்கு ஏற்றவாறு விதிகளை மாற்றியமைக்க வேண்டும். எவ்வாறு மாற்றலாம் என்பதற்கு ஐந்து முன்மொழிவுகளை இங்கே வைக்கிறேன்.

கணக்கின் அடிப்படை

இக்கணக்கை வகுத்தவர் அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இல் இம்முறையை ஏற்றது. உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றது.

கணக்கு எளிமையானது. இருவருடைய புள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை வைத்து, யார் எவ்வளவு வெல்லக்கூடும் என்று முதலில் மதிப்பிடுகிறோம். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடியவருக்குப் புள்ளி கூடுகிறது. குறைவாக ஆடியவருக்குக் குறைகிறது. எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்பதை 'கே' என்னும் பெருக்கெண் முடிவு செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவிக்கு 1200, அவள் தோழனுக்கு 1000 என்று கொள்வோம். 200 புள்ளி வேறுபாட்டில் வலியவர் நூற்றுக்கு 76 பங்கு பெறுவார் என்பது கணக்கின் எதிர்பார்ப்பு. பெருக்கெண் 40 என்றால், அவள் வென்றால் ஏறத்தாழ 10 புள்ளி பெறுவாள். தோழன் வென்றால் அவன் 30 புள்ளி பெறுவான். ஒருவர் பெறுவதை மற்றவர் இழப்பார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளிடம் கணக்கு எங்கே பிசகுகிறது?

எலோவின் கணக்கு, ஆட்டக்காரரின் திறன் மெல்ல மெல்லவே மாறும் என்று கருதுகிறது. நாற்பது வயதுக்காரருக்கு அது பொருந்தும். பிள்ளைக்குப் பொருந்துமா? தவணை விடுமுறைக்கு 1000 புள்ளியோடு சென்ற மாணவி, அண்ணனுடன் நாள்தோறும் ஆடிவிட்டு 1300 புள்ளிக்குரிய திறனோடு திரும்பி வருகிறாள். பட்டியலுக்கு அது தெரியாது. அவளை இன்னும் 1000 என்றே அது நம்புகிறது. அவளோடு ஆடும் தோழர் ஒவ்வொருவரும் 'எளிய' எதிரியிடம் தோற்றதாகக் கணக்கு எழுதப்பட்டு, இருபதும் முப்பதுமாகப் புள்ளிகளை இழக்கின்றனர்.

அத்தோழர்கள் முன்பைவிட மோசமாக ஆடவில்லை. அவர்களும் சற்று முன்னேறியே இருக்கக்கூடும். ஆயினும் தாளில் தெரிவது சரிவு. ஒரு குடத்து நீரை எத்தனை செம்பில் மாற்றி மாற்றி ஊற்றினாலும் மொத்த நீர் கூடாது. கழகத்திலுள்ள அனைவரும் ஆண்டு முழுதும் கற்று முன்னேறினாலும், கழகத்தின் மொத்தப் புள்ளி ஏறத்தாழ அப்படியேதான் நிற்கும். அனைவரும் வளர்ந்த ஆண்டில் பாதிப் பேர் 'தேய்ந்ததாக' அறிவிக்கும் பட்டியலை ஓர் ஆசிரியர் எப்படிச் சுவரில் ஒட்ட முடியும்?

இது நம் கழகங்களில் மட்டும் தோன்றிய சிக்கலன்று. ஃபிடேயின் பட்டியல் ஒரு காலத்தில் வலிமை மிக்க ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கீழெல்லை படிப்படியாகத் தாழ்த்தப்பட்டு 2012-இல் 1000 ஆயிற்று. விரைந்து வளரும் சிறுவர்கள் தாழ்ந்த புள்ளியோடு பெருமளவில் உள்ளே வந்தனர்; மற்றவர்களின் புள்ளிகளைக் கீழே இழுத்தனர். இறுதியில் 1.3.2024 அன்று ஃபிடே விதியையே மாற்றியது. 2000-க்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும், 2000-ஐ எட்ட எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஒருமுறை கூட்டித் தரப்பட்டது. 1500 பெற்றிருந்தவர் 1700 ஆனார். 1000 பெற்றிருந்தவர் 1400 ஆனார். கீழெல்லையும் 1400-க்கு உயர்த்தப்பட்டது.

ஒரே இரவில் 400 புள்ளி கூடிய பிள்ளை ஒரே இரவில் திறமைசாலி ஆகிவிட்டதா? இல்லை. பிள்ளை மாறவில்லை, அளவுகோல்தான் திருத்தப்பட்டது. உலகக் கூட்டமைப்பே தன் அளவுகோலைத் திருத்த முன்வரும்போது, நம் பள்ளிப் பட்டியலை மட்டும் கல்வெட்டாகக் கருத வேண்டிய தேவையில்லை.

விதி எப்படியோ, ஆட்டமும் அப்படியே

மற்றொன்றையும் கருத வேண்டும். விதிகள் திறனை அளப்பதோடு நிற்பதில்லை; ஆடுபவரின் நடத்தையையும் வளைக்கின்றன.

2026 உலக வாகையர் தகுதித் தொடருக்கான ஓர் இடம், தரப்புள்ளியில் உயர்ந்து நிற்பவருக்கு என ஒதுக்கப்பட்டது. அதற்கு அவர் குறைந்தது 40 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஹிகாரு நகமுரா 2025-இல் அமெரிக்காவின் லூயிசியானா, அயோவா முதலிய மாநிலங்களில் நடந்த சிறிய போட்டிகளுக்குச் சென்று, தம்மைவிடப் பன்மடங்கு எளியவர்களோடு ஆடி அந்த எண்ணிக்கையை நிரப்பினார். அவர் விதியை மீறவில்லை. விதி காட்டிய வழியில் நடந்தார். அதே ஆண்டு அக்டோபர் முதல், 2650-க்கு மேற்பட்டவர்கள் மிக எளியவர்களை வென்று புள்ளி சேர்க்க முடியாதவாறு ஃபிடே விதியைத் திருத்தியது.

நம் பிள்ளைகளிடம் இதே இயல்பு எதிர்த்திசையில் வெளிப்படுகிறது. பட்டியலின் முதலிடத்தில் இருக்கும் மாணவன், தன்னைவிட 400 புள்ளி குறைந்தவனோடு ஆட வேண்டும். வென்றால் கிடைப்பது 3 புள்ளி; தோற்றால் போவது 37. பத்து வயதிலும் இக்கணக்கு நன்றாகவே புரியும். "ஐயா, இந்த வாரம் நான் ஆடவில்லை, தலைவலி" என்பான். முதலிடத்தில் இருப்பவன் ஆடாமலே முதலிடத்தில் நீடிக்கிறான். புதிதாகச் சேர்ந்தவனோ வலியவனோடு ஆடிக் கற்கும் வாய்ப்பை இழக்கிறான். ஆட்டத்தை வளர்க்கத் தொடங்கிய பட்டியல் ஆட்டத்தையே தடுக்கிறது.

என் ஐந்து முன்மொழிவுகள்

1. முதல் 15 ஆட்டங்கள் வரை புள்ளியை வெளியிட வேண்டா. பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி இருந்தால் போதும். லிச்செஸ் இணையத்தளமும் போதிய ஆட்டங்கள் ஆடாதவரின் புள்ளிக்கு அருகே கேள்விக்குறியைத்தான் இடுகிறது. 'இன்னும் தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்லும் குறி அது. நான்கு ஆட்டங்களை வைத்து ஒரு பிள்ளையின் திறனை அறுதியிடும் எண்ணைவிட அது மேலானது.

2. தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் பெருக்கெண் 40 ஆகவே இருக்கட்டும். ஃபிடேயும் 18 வயதுக்குட்பட்டு 2300-க்குக் கீழே உள்ளோருக்கு இந்த எண்ணையே கையாள்கிறது. சில கழகங்கள் புள்ளி 'ஆடாமல் அசையாமல்' இருக்க வேண்டும் என்று 10 அல்லது 20 வைக்கின்றன. பெரியவர்களுக்கு அது நன்று. பிள்ளை முன்னேறும் வேகத்துக்குப் புள்ளியும் ஓடிவர வேண்டும்.

3. ஒவ்வொரு பள்ளியாண்டின் தொடக்கத்திலும் ஒரு திருத்தம் செய்வோம். கழகத்தின் சராசரிக்குக் கீழே இருப்போருக்கு, சராசரியை எட்ட வேண்டிய தூரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டித் தருவோம். சராசரி 1200 என்றால் 800 பெற்றவர் 960 ஆவார். 1100 பெற்றவர் 1140 ஆவார். மேலே உள்ளவர்களின் புள்ளியில் கை வைக்க வேண்டா. குடத்தில் புதுநீர் ஊற்றும் வழி இது.

4. பட்டியலில் இடம்பெற ஒரு தவணைக்குக் குறைந்தது 10 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். யார் யாரோடு ஆடுவது என்பதை ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும். இல்லையேல் எளியவர்களைத் தேடிப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பும் வழக்கம் இங்கும் வந்துவிடும். வேறுபாடு 300-க்கு மேல் இருந்தால், அந்த ஆட்டம் வலியவரின் கணக்கில் சேராது. எளியவர் வென்றாலோ சமன் செய்தாலோ அவருக்கு மட்டும் சேரும். வலியவருக்கு அஞ்சக் காரணமில்லை. எளியவருக்கு இழக்க ஒன்றுமில்லை.

5. தரப்புள்ளியைக் கொண்டு பள்ளிக் குழுவைத் தேர்வு செய்ய வேண்டா. மாவட்ட நிலைப் போட்டிக்குச் செல்லும் குழுவை, முன்னரே நாள் அறிவித்து நடத்தும் தெரிவாட்டங்களின் வழி அமைப்போம். முதல் சுற்றில் யாரோடு யார் மோதுவது என்பதை முடிவு செய்வதோடு தரப்புள்ளியின் பணி முடியட்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

"இவ்வாறு கூட்டிக் கொடுத்தால் புள்ளியின் மதிப்புக் கெடாதா?" என்று கேட்கலாம். பள்ளிப் பட்டியலின் 1200-ஐ ஃபிடேயின் 1400-ஓடு ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு பட்டியலும் தன் கூட்டத்துக்குள் மட்டுமே பொருள் தரும். வெளியே செல்லாத நாணயத்துக்குப் பணவீக்கம் குறித்துக் கவலைப்படத் தேவையில்லை.

"எண்ணை மறைத்தால் பிள்ளைக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?" என்று கேட்கலாம். தொடக்கத்தில் எங்கிருந்தாய், இன்று எங்கிருக்கிறாய் என்பதைப் பிள்ளையின் குறிப்பேட்டில் காட்டுவோம். சென்ற மாதம் பத்தாவது நகர்வில் அரசியை இழந்தவன், இம்மாதம் நாற்பது நகர்வுகள் தாக்குப்பிடித்தான் என்று எழுதுவோம். ஊக்கம் அங்கே இருக்கிறது.

மூன்றாவது மறுப்பே கனமானது. "எண் இருந்தால் எல்லாருக்கும் ஒரே நீதி. எண்ணை நீக்கினால் ஆசிரியருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரும்." இதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. குழுவில் இடம் கிடைக்காத பிள்ளையின் தந்தை வந்து காரணம் கேட்கும்போது, எண் ஆசிரியருக்குக் கேடயமாக நிற்பது உண்மை. ஆனால் கேடயம் பிழையான கணக்கால் ஆனது என்றால், அதன் பின்னே ஒளிவது நீதியாகாது. அதனாலேயே தெரிவாட்டத்தை முன்மொழிந்தேன். எல்லார் கண்முன்னும், ஒரே விதியின்கீழ், பலகையின்மீது முடிவு கிட்டுகிறது. ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. ஆறு மாதத்துக்கு முந்திய தோல்விக்கும் இடமில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

நம் நாட்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அதுவரை 'எத்தனை ஏ' என்று கேட்டுப் பழகிய நமக்கு, பிள்ளையின் நெற்றியில் ஒட்ட ஏதேனும் ஓர் எண் வேண்டியிருக்கிறது. சதுரங்கப் புள்ளி அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்கு அண்டை நாட்டில் நடந்த ஓர் ஆட்டமே சான்று. 2024-இல் சிங்கப்பூரில் உலக வாகையர் பட்டத்துக்காகச் சென்னை இளைஞர் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் மோதினர். குகேஷுக்கு 2783, டிங்குக்கு 2728. கணக்கின்படி 14 ஆட்டங்களில் குகேஷ் ஏறத்தாழ எட்டுப் புள்ளிகள் பெற்று எளிதாக வென்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் 6.5 என்று சமநிலையில் நின்றனர். டிசம்பர் 12 அன்று, கடைசி ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் டிங் செய்த ஒரு பிழை பட்டத்தை முடிவு செய்தது. எண் வாய்ப்பைச் சொன்னது, பட்டத்தைத் தரவில்லை. உலக வாகையருக்கே இந்நிலை என்றால், நான்காம் ஆண்டு மாணவனின் எதிர்காலத்தை 980 என்ற எண்ணில் படிக்கலாமா?

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை போட்டி முடிந்து வீடு திரும்பும்போது "எத்தனை புள்ளி ஏறியது?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "எந்த ஆட்டம் பிடித்தது? காட்டு பார்ப்போம்" என்று பலகையை விரியுங்கள். ஆட்டம் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே ஆசிரியராகட்டும்.

ஆசிரிய நண்பர்களே, கணக்கைப் போடுவது விரிதாள்தான். விதியை அதற்குள் எழுதுவது நாம். வரும் தவணையில் ஒரு கழகத்தில், ஒரே ஒரு தவணைக்கு இவ்விதிகளை நடைமுறைப்படுத்திப் பாருங்கள். தவணை இறுதியில் இரண்டை மட்டும் எண்ணுங்கள்: மொத்தம் எத்தனை ஆட்டங்கள் ஆடப்பட்டன? தொடக்கத்தில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? இவ்விரண்டும் கூடியிருந்தால் விதிகளைத் தொடருங்கள். கூடவில்லையெனில் இவற்றையும் மாற்றுங்கள். பிள்ளைக்காகத்தான் விதி.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்