ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ஜினைத் திட்டாதீர்கள்

போன வாரம் காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் செல்போனில் வீடியோ காட்டினார். முதல் உலகப் போர்க் காலத்து சாப்வித் கேமல் விமானம். ஒருவர் புரொப்பெல்லரைப் பிடித்து இழுக்கிறார், விலகுகிறார், மறுபடி இழுக்கிறார். நாலு தடவை ஆயிற்று, என்ஜின் கிளம்பவில்லை.

"ஓட்டை என்ஜின் சார், இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் சண்டை போட்டார்களோ!" என்றார் ஒருவர். "இன்னும் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் கிளம்பிவிடும்" என்றார் இன்னொருவர்.

இரண்டுமே தப்பு. இரண்டாவது ஆபத்தான தப்பு. சொல்லிப் பார்த்தேன், சிரித்துவிட்டுக் காபிக்குப் போய்விட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவன். என் கை பட்டவை டக்கோட்டாவின் ரேடியல் என்ஜின்கள். கேமலில் இருப்பது ரோட்டரி. அது எங்கள் தலைமுறைக்கு வெகு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது, புத்தகத்தில்தான் படித்தேன். பிறகு மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, ஓல்ட் வார்டன் என்ற ஊரில் ஷட்டில்வொர்த் கலெக்‌ஷனில் 80 குதிரை சக்தி லெ ரோன் ரோட்டரி என்ஜின் பொருத்திய சாப்வித் பப் விமானத்தை நேரில் பார்த்தேன். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகும்வரை அதன் முன்னால்தான் நின்றேன்.

ரேடியலும் ரோட்டரியும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ரேடியலில் சிலிண்டர்கள் நிற்கும், கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். ரோட்டரியில் கிராங்க் ஷாஃப்டை விமானத்தின் உடம்போடு முடுக்கிவிடுவார்கள்; சிலிண்டர்களும் கிராங்க் கேஸும் புரொப்பெல்லரும் ஒன்றாகச் சுற்றும். பிரான்சில் செகுவன் சகோதரர்கள் 1909 வாக்கில் கொண்டுவந்த 50 குதிரை சக்தி நோம் என்ஜினால்தான் இந்த வகை பிரபலமானது. பிறகு லெ ரோன், கிளெர்ஜே, பென்ட்லி என்று வந்தன. எதிர்ப்பக்கம் ஜெர்மனியில் ஓபருர்செல் நிறுவனம் இதே வகையைச் செய்தது. கிளம்பாத ஓட்டை என்ஜினை இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு செய்திருப்பார்களா?

ரோட்டரியிலும் குறைகள் உண்டு. எண்ணெய் குடிக்கும், சுற்றும் கனத்தால் விமானத்தைத் திருப்பும்போது படுத்தும். போர் முடிந்த சில வருடங்களில் வழக்கொழிந்தும் போனது. ஆனால் ஸ்டார்ட்டிங் தகராறில் பெரும்பங்கு, அதைக் கிளப்பத் தெரியாத கையால் வருவது.

லெ ரோனை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் காற்றும் குழாய் போன்ற கிராங்க் ஷாஃப்ட் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்து செப்புக் குழாய்களில் ஏறி ஒவ்வொரு சிலிண்டரின் தலைக்கும் போக வேண்டும். நீண்ட பாதை. என்ஜின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் வழியிலேயே ஈரமாகப் படிந்துவிடும். பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்கு இது புரியும். பர்னர் சூடாகும் முன் பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீச்சும், தீ கூரைக்கு எழும்.

அதனால்தான் மெக்கானிக் ஒரு சிரிஞ்சை வைத்துக்கொண்டு, எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துளி பெட்ரோல் நேரே விடுவார். அதில் என்ஜின் சில விநாடி ஓடும். அதற்குள் விமானி பெட்ரோல் லீவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். காற்றுக்கு ஒரு லீவர், பெட்ரோலுக்கு ஒரு லீவர். இரண்டையும் பொருத்திக் கொடுக்கத் தானியங்கி ஏற்பாடு எதுவும் கிடையாது. லீவரைத் தள்ளியதும் பலன் உடனே தெரியாது. பொறுமையில்லாதவர் இன்னும் தள்ளுவார். பிறகு எல்லாம் சேர்ந்து வந்து என்ஜினை மூழ்கடிக்கும். "இன்னும் கொஞ்சம் பெட்ரோல்" என்பது அங்கே மருந்தல்ல, அதுதான் நோய்.

அப்படியானால் என்ன செய்வது? வரிசையாகக் கேளுங்கள்.

ஒரு 'டப்' சத்தம்கூட இல்லையா? முதலில் மூக்கை நம்புங்கள். பெட்ரோல் வாடை தூக்கி, அடியில் சொட்டினால் என்ஜின் மூழ்கிவிட்டது. சுவிட்சை அணைத்து, பெட்ரோலை அடைத்து, புரொப்பெல்லரைப் பின்பக்கமாகச் சுற்றி வெளியேற்றிவிட்டுக் காத்திருங்கள். சொட்டியதைத் துடையுங்கள். அந்த விமானங்கள் மரமும் துணியும். ஒரு பொறி போதும்.

வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் கிளம்பாவிட்டால் பொறியைப் பாருங்கள். லெ ரோனில் ஒரே மேக்னெட்டோ. அது நிலையாக நிற்கும். மின்சாரம் ஒரு கார்பன் பிரஷ் வழியே சுற்றும் வளையத்துக்குத் தாவி, பித்தளைக் கம்பிகளில் பிளக்குகளுக்குப் போகும். கையால் சுற்றும் வேகத்தில் பொறி ஏற்கெனவே பலவீனம். வளையத்தில் எண்ணெயும் கார்பன் தூளும் படிந்தால் அதுவும் வழிதவறும். ஒரு துணியால் துடைக்க வேண்டிய இடத்தில் மேக்னெட்டோவையே கழற்றி மாற்றுவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

கிளம்பி உடனே நின்றுவிடுகிறதா? பொறி இருக்கிறது, பெட்ரோல் லீவரில்தான் கோளாறு. உதறி உதறி ஓடுகிறதா? நிறுத்திவிட்டு சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் பிளக், கம்பி, வால்வு, பிஸ்டன் வளையம். அடிப்பக்கச் சிலிண்டர் என்றால் நின்ற நேரத்தில் எண்ணெய் இறங்கிப் பிளக் நனைந்திருக்கும். டக்கோட்டாவிலும் கிளப்பும் முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தது இந்த எண்ணெய்க்குப் பயந்துதான்.

எண்ணெய் என்றால், நமக்குச் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே விளக்கெண்ணெய்தான். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். போரின் பிற்பகுதியில் முற்றுகையால் ஜெர்மனிக்கு விளக்கெண்ணெய் கிடைக்கவில்லை. மாற்று எண்ணெய் ஊற்றினார்கள். ரோட்டரிகள் சூடேறிப் பழுதாயின. ஊற்றியது தவறு, பெயர் கெட்டது என்ஜினுக்கு.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

படையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கையால் சுற்றிக் கிளப்பும் சின்ன விமானம் ஒன்று காலையிலிருந்து முரண்டு பிடித்தது. மேலே இருந்தவர் "இன்னும் பிரைம் பண்ணு" என்றபடியே இருந்தார். "சுவிட்ச் ஆஃப்" என்று குரல் கொடுத்தவன் நான். ஹெல்பர் பையன் என்னை நம்பிப் புரொப்பெல்லரைச் சுற்றினான். அது உதைத்தது. முன்கை எலும்பு இரண்டாக முறிந்தது.

மேக்னெட்டோ சுவிட்ச் வீட்டு விளக்குச் சுவிட்ச் மாதிரி அல்ல. அணைப்பது என்றால் மேக்னெட்டோவை எர்த்தோடு சேர்ப்பது. அந்த எர்த் கம்பி அறுந்தால், சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். கேமலிலும் அதே விதிதான். அன்று மாலை கம்பியைச் சோதித்தேன். உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. காலையில் முதல் தடவை கிளம்பாதபோதே, இன்னும் பெட்ரோல் விடாமல், வரிசையாகப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நானும் பார்க்கவில்லை.

போய்ச் சொன்னேன். "ரிப்போர்ட் எழுதியாச்சு" என்றார்கள். ரிப்போர்ட்டில் இருந்த காரணம்: பையனின் கவனக்குறைவு. அவனை வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். நான் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

அதனால்தான், கிளம்பாத என்ஜினைப் பார்த்து யாராவது "ஓட்டை" என்று சிரித்தாலும், "இன்னும் ஊற்று" என்று கத்தினாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் புரொப்பெல்லரைப் பிடித்தபடி ஒரு பையன் நிற்கிறான்.

பெஞ்ச் நண்பர்கள் நாளைக் காலை வருவார்கள். இதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன்.